குதிரைத்திறன் மயக்கம்

பெரிய எஞ்சின் போட்டால் பெரிய மீன்பாடு. டீசல் செலவைப் பார்த்தால் கடல் தொழில் செய்ய முடியாது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் வேரூன்றிப்போன நம்பிக்கை இது. படகு வைத்திருக்கும் சம்மாட்டியோடு இது நிற்பதில்லை. எஞ்சின் விற்பவர், கடன் கொடுப்பவர், பழைய படகுக்கு விலை பேசும் தரகர் என எல்லோரும் ஒரு விசைப்படகின் மதிப்பை எச்.பி.யை, அதாவது குதிரைத்திறனை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள், ‘பவர் வேணும்னா மைலேஜை மறந்துரு’ என்பார்கள். அதே சூத்திரம் தரையிலிருந்து கடலுக்கு இறங்கி, கேள்வி கேட்க முடியாத தொழில் ஞானமாகிவிட்டது.

இந்த நம்பிக்கை தவறு. பந்தயக் கார்களின் உலகமே அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. படகு விஷயத்தில் அது இன்னும் பெரிய தவறு. அந்தத் தவறின் விலையை எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவரை விட, அந்தத் தேர்வில் எந்தப் பங்கும் இல்லாத படகுத் தொழிலாளிதான் அதிகம் கொடுக்கிறார்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முழு வலிமையோடு முதலில் வைத்துவிட வேண்டும். தூத்துக்குடி இழுவைப் படகுகள் கடலில் தங்கித் தொழில் செய்ய முடியாது. காலை 5 மணிக்குப் பிறகு கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும். கரையை ஒட்டிய கடல்பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது. அதைத் தவிர 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுப் பகுதிகளும் இருக்கின்றன. வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் தூத்துக்குடிக்கு எதிரேயே கிடப்பவை. ஆகவே மடி எனப்படும் இழுவலையை விரிக்கத் தொலைவு போக வேண்டும், அன்றே திரும்பவும் வேண்டும். ஓட்டத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் மடி தண்ணீரில் கிடக்கும் நிமிடம் என்கிறார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நீரோட்டத்தை எதிர்த்து மடியை இழுக்க வலு வேண்டும். வானிலை கெட்டால் ஓடிவர வேகம் வேண்டும். முதலில் கரை சேர்ந்த மீனுக்கு ஏலத்தில் விலை கூடும். பெரிய எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஆயுளும் கூடும், டீசலும் மிச்சமாகும். இவை எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்துப் படகுக்காரர் போட்டுவிட்டார், போடாதவர் பின்தங்குவார்.

இவற்றில் ஒன்றும் அற்பமான வாதம் இல்லை. கடலில் வாழ்நாளைக் கழித்தவர்கள் சொல்வது. அதனாலேயே ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. படகின் வேகத்தை எஞ்சின் தீர்மானிக்கிறதா?

ஓர் அளவு வரைதான். அதற்குப் பிறகு படகின் நீளம் தீர்மானிக்கிறது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனமான படகு, முன்னே ஓர் அலையையும் பின்னே ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த இரண்டு முகடுகளுக்கும் இடையிலான தூரம் நீள்கிறது. அது படகின் நீளத்தை எட்டும்போது படகின் பின்புறம் பள்ளத்தில் இறங்கி, முன்புறம் தூக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் வேண்டும் என்றால் படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டும். படகு வடிவமைப்பாளர்கள் இதற்கு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் வருவதே அந்தப் படகுக்கு இயல்பான உச்ச வேகம். 16 மீட்டர் என்றால் சுமார் 9.7 நாட், அதாவது மணிக்கு 9.7 கடல்மைல். இந்தச் சுவரில் எத்தனை குதிரைகளைக் கொண்டுபோய் மோதவிட்டாலும் கிடைப்பது மிகச் சொற்பம்.

சுவரை எட்டுவதற்கு முன்பே செலவு ஏறத் தொடங்கிவிடுகிறது. தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது; சுவரை நெருங்க நெருங்க இன்னும் செங்குத்தாகவே ஏறும். கணக்குப் போட்டே பார்க்கலாம். மீன் கிடைக்கும் இடம் 25 கடல்மைல் தொலைவு. 8 நாட் வேகத்துக்கு 100 எச்.பி. செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணிநேரத்தில் சுமார் கால் லிட்டர் குடிக்கும். போகவர 50 கடல்மைலுக்கு ஆறேகால் மணிநேரம், 156 லிட்டர். அதே படகை 9.5 நாட்டில் விரட்டினால் ஏறத்தாழ 167 எச்.பி. தேவை. நேரம் ஐந்தேகால் மணியாகக் குறைகிறது. டீசல் 220 லிட்டராக ஏறுகிறது. மிச்சமான ஒரு மணிநேரத்தின் விலை 64 லிட்டர். அந்த ஒரு மணிநேரம் மடியை இழுக்கச் செலவாகும் டீசல் தனி.

ஒரு மணிநேர இழுவையில் அதற்கு மேல் மதிப்புள்ள இறால் வரும் நாள்களும் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது அந்த நல்ல நாளை மட்டும் மனதில் வைத்து. டீசல் எரிவதோ எல்லா நாளும்.

2. நேரம் குறைவு என்றால் வேகம்தானே வழி?

நேர வரம்புக்குள் அதிகத் தூரம் ஓட வேண்டிய கட்டாயத்தை உலகில் மிகக் கடுமையாகச் சந்திப்பவர்கள் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் அணிகள். அங்கே 2006இல் வென்றது ஒரு டீசல் கார். ஆடி ஆர்10 டிடிஐ. டீசல் எஞ்சின் பொருத்திய கார் அந்தப் பந்தயத்தில் வென்றது அதுவே முதல்முறை; அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதுவே வென்றது. அதன் எஞ்சினுக்கு 650 குதிரைத்திறன் இருந்தது உண்மை. அந்தத் திறனைச் சிக்கனத்தோடு தந்ததுதான் அதன் பலம். எரிபொருள் நிரப்ப நிற்கும் நிமிடங்களும் 24 மணிநேரக் கணக்கில்தான் சேரும். ஒரு டாங்கியில் கூடுதல் தூரம் ஓடும் காருக்கு அந்த நிமிடங்கள் மிச்சம்.

இதற்கு மறுமுனை புகாட்டி வெய்ரான். 1001 குதிரைத்திறன், மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் வேகம். முழு வேகத்தில் போனால் அதன் 100 லிட்டர் டாங்கி சுமார் 12 நிமிடத்தில் காலியாகிவிடும். காட்சிக்கு வைத்துப் பெருமைப்பட அது போதும். பிழைப்புக்காக ஓடும் வண்டிக்கு அது முன்மாதிரி ஆகாது.

ஃபார்முலா ஒன் கதை இன்னும் தெளிவானது. 2014இல் ஒரு பந்தயம் முழுவதற்கும் 100 கிலோ எரிபொருள்தான் என்று விதி வந்தது. எரிபொருள் பாயும் வேகத்துக்கும் மணிக்கு 100 கிலோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். பழைய வி8 எஞ்சின்கள் எரிபொருளின் ஆற்றலில் முப்பது சதவீதத்தை ஒட்டித்தான் வேலையாக மாற்றின. புதிய விதி வந்த நான்காவது ஆண்டில் மெர்சிடிஸ் தன் பந்தய எஞ்சின் சோதனைக்கூடத்தில் ஐம்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. எரிபொருளுக்குக் கடிவாளம் போட்ட பிறகு வலு குறையவில்லை. பொறியாளர்கள் வீணாகப் போன வெப்பத்தைத் தேடிப் பிடித்தார்கள். பவரும் மைலேஜும் ஜென்மப் பகையாளிகள் என்று நம்பியிருந்தால் அந்த எஞ்சின் பிறந்தே இருக்காது.

3. பெரிய எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சிக்கனம் இல்லையா?

எதிர்த்தரப்பு வாதங்களில் இதுதான் கேட்க மிக நியாயமாக இருக்கும். இதில் பாதி உண்மையும் இருக்கிறது. எந்த எஞ்சினையும் எப்போதும் உச்சத்தில் வைத்து ஓட்டக் கூடாது. கொஞ்சம் இருப்பு வேண்டும். டீசல் எஞ்சின் சிறப்பாக வேலை செய்வது அதன் முழுச் சுமையின் 70–80 சதவீத அளவில். ஆனால் அதிலிருந்து வெகுவாகக் கீழே இறங்கி ஓட்டினால், ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் எரியும் டீசல் கூடுகிறது. எரியாத எண்ணெய் கரியாகப் படிகிறது. சிலிண்டரின் உட்சுவர் வழவழத்துப்போகிறது. தேவைக்கு இருமடங்கான எஞ்சினை வாங்கிப் பாதியில் ஓட்டுவது ஆயுளையும் கூட்டாது, டீசலையும் மிச்சப்படுத்தாது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. எஞ்சின் படகைத் தள்ளுவதில்லை, புரொப்பல்லர்தான் தள்ளுகிறது. அகலமான புரொப்பல்லர் மெதுவாகச் சுழலும்போதுதான் குறைந்த டீசலில் அதிகத் தள்ளுவிசை கிடைக்கும். இரண்டு மூன்று நாட் வேகத்தில் கனமான மடியை இழுக்கும் படகுக்கு இது இன்னும் பொருந்தும். ஆனால் புரொப்பல்லருக்கான இடைவெளி படகு கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு எஞ்சினை மாற்றுகிறவர் பின்புறத்தைப் பிரித்துக் கட்டுவதில்லை. பழைய இடைவெளிக்குள் அடங்கும் சிறிய புரொப்பல்லரைப் புதிய எஞ்சினின் வலுவோடு வேகமாகச் சுழற்றுகிறார். தண்ணீர் நுரைக்கிறது, தகடு அரிக்கிறது, படகு அதிர்கிறது. விலை கொடுத்து வாங்கிய குதிரைகளில் பலவும் தண்ணீரைக் கலக்குவதிலேயே தீர்ந்துபோகின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. சென்னையிலிருந்து இயங்கிய ‘வங்காள விரிகுடாத் திட்டம்’ என்ற மீன்வளத் திட்டத்துக்காக நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன் 1986லேயே சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது எப்படி என்று எழுதிக் கொடுத்தார். வேகத்தைக் கொஞ்சம் குறை, பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்று, படகின் அடியைச் சுத்தமாக வை. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். நம் மாநிலத் தலைநகரில் அச்சான அறிவு, நாற்பது ஆண்டுகளாகியும் தூத்துக்குடிப் படகுத்துறையில் எஞ்சின் விற்பவரின் பேச்சுக்கு ஈடாகவில்லை. அந்தப் பழி மீனவர்மேல் விழக் கூடாது. கொண்டு சேர்க்க வேண்டியவர்கள் கொண்டு சேர்க்கவில்லை.

4. புயலில் உயிர் காப்பது வேகம் அல்லவா?

இந்த வாதத்தை எடுத்தெறிந்து பேச யாருக்கும் உரிமை இல்லை. கடலில் போனவர்கள் திரும்பாத வீடுகள் இந்தக் கரையில் உண்டு. ஆகவே கேள்வியை நேராகவே கேட்க வேண்டும்: உயிரைக் காப்பது எது?

2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி புயலாக வலுத்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட, கேரள மீனவர்கள் பலர் இறந்தார்கள். கரையிலிருந்து பல நாள் தூரத்தில் தங்கித் தொழில் செய்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவே இல்லை. சென்றடையச் செய்யும் கருவியும் படகில் இல்லை. எட்டு நாட்டுக்குப் பதில் பத்து நாட் வேகம் இருந்திருந்தாலும், செய்தி தெரியாதவர் எந்தப் பக்கம் ஓடுவார்? அந்தத் துயரத்துக்குப் பிறகு மீனவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது தகவல் தொடர்பு. செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. உயிர்காக்கும் பணம் போக வேண்டிய இடம் அது. வயர்லெஸ், மிதவைச் சட்டை, நீர் வெளியேற்றும் பம்பு, உறுதியான அடிப்பலகை ஆகியவையும் அந்த வரிசையில் வரும்.

அதற்கு மாறாக, பழைய மரப்படகில் கனமான எஞ்சினை ஏற்றினால் பின்புறம் தாழ்கிறது. ஆணி இறங்கிய பலகைகள் அதிர்வில் நெகிழ்கின்றன. பின்னாலிருந்து அலை ஏறும்போது ஆபத்து கூடுகிறது. பாதுகாப்புக்கென்று வாங்கிய எஞ்சினே படகைப் பலவீனமாக்கும் நிலைமை அது.

5. அதிக எச்.பி. அதிக மீனைத் தருகிறதா?

ஒரு படகுக்கு, ஒரு பருவத்துக்குத் தரலாம். எல்லாப் படகும் போட்ட பிறகு?

மன்னார் வளைகுடாவில் மீன் பெருகுவது எஞ்சினைப் பார்த்து அல்ல. பவளப்பாறையும் கடற்புல்லும் எவ்வளவு பிழைத்திருக்கின்றன, எத்தனை மீன் முட்டையிட்டது, எத்தனை குஞ்சு தப்பியது என்பதைப் பொறுத்தது அது. அந்தக் கையிருப்பை இருநூறுக்கும் மேற்பட்ட தூத்துக்குடி விசைப்படகுகளும், சுற்றுவட்டாரப் படகுகளும், ஆயிரக்கணக்கான வள்ளங்களும் பைபர் படகுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒருவர் எச்.பி.யைக் கூட்டினால் பங்கு மாறும். எல்லோரும் கூட்டினால் பங்கு பழையபடியே இருக்கும், டீசல் மட்டும் இரண்டு பங்காகும். வலுவான எஞ்சின் பெரிய மடியை இழுக்கும்; பெரிய மடி குஞ்சுகளையும் சேர்த்து அள்ளும்; அள்ளிய குஞ்சு தீவனத் தூள் ஆலைக்கு அடிமாட்டு விலையில் போகும். இரண்டு ஆண்டு விட்டிருந்தால் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய மீன் அது.

உலக வங்கியும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, உலகக் கடல் மீன்பிடிப்பில் அளவுக்கு மீறிய படகுகளாலும் திறனாலும் ஆண்டுக்கு 5,000 கோடி டாலர் வருமானம் வீணாவதாகச் சொன்னது. மீன் இல்லாமல் வந்த நட்டம் மட்டும் இல்லை. அதே மீனைப் பிடிக்க அநாவசியமாகச் செலவழித்த பணமும் அதில் அடக்கம். இந்தியப் படகுகள் 2000ஆம் ஆண்டுவாக்கில் எரித்த எரிபொருள் ஆண்டுக்குச் சுமார் 122 கோடி லிட்டர் என்று மீன்பிடித் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். கரைக்கு வந்த ஒவ்வொரு டன் மீனுக்கும் ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலந்திருக்கிறது.

இந்தக் கடற்கரைக்கு இது தெரியாத பாடம் இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அரசு முதலில் ஆளனுப்பி, சிப்பி வளரும் கடலடிப் பார்களைச் சோதிக்கும். சிப்பி முற்றாவிட்டால் அந்த ஆண்டு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கிடையாது. நடந்தால் எத்தனை படகு, எத்தனை நாள் என்பதும் தீர்மானித்த பிறகே நடக்கும். படகுகள் நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்றில் பாய் விரித்துப் பாருக்குப் போகும்; மதியம் கடல்காற்று எழுந்ததும் அதில் திரும்பும். அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் சலாபங்களுக்கு இடையே பல ஆண்டுகள் வெறுமையாகப் போயின. 1955 முதல் 1961 வரை நடந்த தொடருக்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. மூச்சடக்கி மூழ்கிய மனிதனால் எடுத்த வளத்துக்கே இந்தக் கதி. மோட்டார் வலுவால் அடித்தளத்தையே வாரி இழுக்கும் தொழிலுக்கு வரம்பு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

6. முதலில் வந்த மீனுக்கு விலை?

எல்லாப் படகும் ஒரே இரவில், ஒரே துறைமுகத்தில், சில மணிநேர இடைவெளிக்குள் வந்து சேர்கின்றன. அங்கே பதினைந்து நிமிட முந்தலுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையை விட, போதுமான ஐஸில் வைத்து நசுங்காமல் கொண்டுவந்த மீனுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை நிலையானது. டீசலில் கரையும் பணத்தில் ஒரு பகுதியை ஐஸ் பெட்டிக்குத் திருப்பினாலே போதும்.

7. எஞ்சின் சம்மாட்டியுடையது, மற்றவர்களுக்கு என்ன?

எல்லாமே மற்றவர்களுக்குத்தான். இழுவைப் படகுகளில் பொதுவான வழக்கம் இது: ஏலப் பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்த பிறகு எஞ்சுவதைப் படகுக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிப்பார்கள். ஆகவே கூடுதலாக எரியும் ஒவ்வொரு லிட்டரும் பங்குக்கு முன்னாலேயே கழிகிறது. முன்னே சொன்ன 64 லிட்டரில் ஒரு பகுதி டிரைவரின் வீட்டுச் சாப்பாடு. ஒரு பகுதி மடி தைக்கிறவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். எஞ்சின் யாருடைய சொத்து என்பது தெளிவு. அதன் பசிக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

அரசின் சலுகையும் இந்தப் பசியை அடக்கப் போதாது. விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபம் என்னும் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 19,000 லிட்டராக உயர்த்துவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கு 4,000 என்பது 4,400 ஆனது. ஆண்டில் 61 நாள் தடைக்காலம், காற்றுக்காலம், விடுமுறை போக 200 நாள் கடலுக்குப் போகிறார் என்றால், விசைப்படகுக்கு ஒரு நாள் சலுகை டீசல் 95 லிட்டர். 240 எச்.பி. எஞ்சினை எண்பது சதவீதச் சுமையில் பத்து மணிநேரம் ஓட்டினால் எரிவது 480 லிட்டர். சலுகையை இன்னும் ஆயிரம் லிட்டர் உயர்த்தச் சொல்லிப் போராடுவதில் இருக்கும் வேகத்தில் பாதியை, எரிவதைக் குறைப்பதில் செலவிட்டால் அதைவிட அதிகம் மிஞ்சும்.

8. பக்கத்துப் படகு போட்டுவிட்டதே?

தனியொரு சம்மாட்டியின் இடத்திலிருந்து பார்த்தால் இதற்குப் பதில் இல்லை. அவரைக் குறை சொல்வதில் பயனும் இல்லை. எல்லோரும் ஓடும்போது ஒருவர் நின்றால் அவர்தான் நட்டப்படுவார். அதனால்தான் இது தனிமனிதர் திருந்தித் தீர்க்கும் பிரச்சினை இல்லை என்கிறோம். இங்கே பொது வரம்பு வேண்டும். வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக அமலாக வேண்டும்.

வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. 2020இல் வந்த விதிகள் விசைப்படகுக்கு 24 மீட்டர் நீளம், 240 எச்.பி. என்று எல்லை வகுத்தன. சென்னை காசிமேட்டில் அதிவேகச் சீன எஞ்சின்களுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இல்லை, சக மீனவர்கள். சிறிய எஞ்சின்காரர் பிழைக்க முடியாமல் போகும் என்பதை அவர்கள் எந்த ஆய்வறிக்கையும் இல்லாமலே கண்டுகொண்டார்கள். தூத்துக்குடியில் வள்ளக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் பல காலமாக நீடிக்கும் உரசலின் அடியிலும் இதே பயம்தான் இருக்கிறது.

சட்டத்தால் மட்டும் முடியாது என்பதற்கு ஐரோப்பா சாட்சி. நெதர்லாந்தில் கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் தொழில் செய்யும் இழுவைப் படகுகளுக்கு 300 எச்.பி. வரம்பு உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளில் மாதிரியாகச் சோதித்த படகுகளில் ஏறத்தாழ பாதியில், காகிதத்தில் எழுதியதைவிட எஞ்சின் வலு கூடுதலாக இருந்ததற்கான அறிகுறிகள் தென்பட்டன. எஞ்சின்மேல் ஒட்டிய தகட்டை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

வேறு வழி என்ன?

சுமையைக் குறைப்பது. லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதான். எஞ்சினைப் பெருக்குவதற்கு முன் காரின் எடையைக் கழித்தார். படகில் அதே வேலையை எங்கே செய்வது என்பதும் தெரிந்ததே. வெப்பக் கடலில் பாசிதடுப்பு வண்ணம் பூசாமல் விட்ட படகு ஒரு மாதத்தில் 7 சதவீதமும் ஆறு மாதத்தில் 44 சதவீதமும் அதிக எரிபொருள் குடிக்கக்கூடும் என்கிறது உணவு வேளாண் அமைப்பின் கையேடு. அடியில் ஒட்டிய பாசியையும் கொட்டலசையும் சுரண்டி வண்ணம் பூச எந்தச் சீன எஞ்சினும் வேண்டாம். மடியின் முன்பகுதியில் கண்ணியைப் பெரிதாக்கி, மெல்லிய வலுவான நூலுக்கு மாறினால் இழுவைத் தடை குறையும். புரொப்பல்லரைச் சுற்றி வளையம் பொருத்தினால் மெதுவான இழுவையில் தள்ளுவிசை கூடும். கியர்பாக்ஸ் விகிதத்தை மாற்றி, அடுத்த படகாவது பெரிய புரொப்பல்லருக்கு இடம் விட்டுக் கட்டப்படலாம். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் 2016இல் ‘சாகர் ஹரிதா’ என்ற 19.75 மீட்டர் படகைக் கடலில் இறக்கியது. மேல்தளத்தையும் அறையையும் கண்ணாடியிழையில் செய்து எடையைக் குறைத்து, அடிப்பாகத்தின் வடிவத்தைத் திருத்தியே எரிபொருளை மிச்சப்படுத்தினார்கள். இவை எதுவும் ஆய்வுக்கூடக் கற்பனை இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தூத்துக்குடி விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன; பல படகுகள் பழுதுபார்க்க மேடேறுகின்றன. மீன்வளத் துறை அந்த அறுபத்தொரு நாளில் ஒவ்வொரு படகின் எஞ்சினையும் தகட்டை நம்பாமல் தண்டில் வலுவை அளந்து சோதிக்கட்டும். புரொப்பல்லரின் விட்டத்தையும் கியர் விகிதத்தையும் பதிவு செய்யட்டும். வரம்பு மீறிய எஞ்சினுக்குச் சலுகை டீசல் இல்லை என்று அறிவிக்கட்டும். அந்தப் பணத்தில் புரொப்பல்லர் மாற்றுவதற்கும் பாசிதடுப்பு வண்ணத்துக்கும் டீசல் மீட்டருக்கும் மானியம் கொடுக்கட்டும். படகுச் சங்கங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் எரிந்த லிட்டரையும் இறங்கிய கிலோவையும் அருகருகே எழுதி, பங்கு பிரிக்கும் இடத்திலேயே ஒட்டி வைக்கட்டும். அடுத்த தடைக்காலத்தில் எஞ்சின் வாங்கக் கடைக்குப் போகும் சம்மாட்டியின் கையில் ஓராண்டுக் கணக்கு இருக்கும். அவரோடு கடலுக்குப் போகிறவர்களும் அதைப் படித்திருப்பார்கள்.